போறணைக்கு மேலே ஓர் அறை

தலையைக் குனிஞ்சு வாங்கோ தம்பி. இந்த நிலை தாழ்வு. என்ர மனுசனும் முதல் வருசம் நாலைஞ்சு தரம் அடிபட்டவர். இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ, மற்றது ஆடும். தேத்தண்ணி போட்டிட்டன். பாரிசிலயிருந்து நாலு மணித்தியாலம் ஓடி வந்தனீங்கள், குடிக்காமல் வெளிக்கிட விடமாட்டன்.

கீழ முழுக்கப் பார்த்திட்டீங்கள். மேல மூண்டு அறை பார்த்தனீங்கள். நீங்கள் கேட்டது சரி. விளம்பரத்தில நாலு எண்டுதான் கிடக்கு. வீட்டை விக்கிறதெண்டு இவர் லண்டனில இருந்துகொண்டு போட்ட விளம்பரம். நாலாவதை நான் காட்டேல்லை. காட்டுவன், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஆனா முதல் அதின்ர கதையைக் கேட்டிட்டுப் பாருங்கோ. சும்மா பார்த்தா அது ஒரு பொந்து மாதிரித்தான் தெரியும்.

நாங்கள் யாழ்ப்பாணம், சுதுமலை ஆக்கள். இவரோட நீங்கள் போனில கதைச்சனீங்கள்தானே, நித்தியானந்தன். நான் தவமலர். முப்பது வருசத்துக்குக் கிட்ட லண்டன். இவருக்கு அங்க கவுன்சில் வீடுகள் திருத்துற வேலை. பூச்சு, பைப், ஓடு, எல்லாம் கைவந்த வேலை. பென்சன் எடுத்த ஆக்கள் கோயில், கலியாணவீடு எண்டு திரிவினம். இவருக்கு ஒரு இடிஞ்ச வீடு வேணும். கூட வேலைசெய்த வெள்ளைக்காரர் ரண்டு பேர் பிரான்சுக்கு வந்து கல்லுவீடு வாங்கித் திருத்தி இருக்கினம், அதைப் போய்ப் பார்த்திட்டு வந்த நாளிலயிருந்து இதே கதை. ஊருக்குப் போவம் எண்டு நான் ஒருக்காக் கேட்டனான். இல்லை எண்டவர். அவ்வளவுதான். ஏன் எண்டு நான் கேக்கேல்லை.

இந்த ஊரில எங்களுக்குப் பேர் இங்கிலீஸ்காரர். சிரிக்காதேங்கோ. காருக்கு இங்கிலீஸ் நம்பர், பாஸ்போட் பிரிட்டிஷ், அவைக்கு அது போதும். ராணி செத்த கிழமை மேயர் வந்து, உங்கட ராணிக்கு எங்கட அனுதாபம் எண்டு இவருக்குக் கைகுடுத்திட்டுப் போனவர். இவரும் துக்கமாத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டவர்.

எனக்கு இந்த வீடு பிடிக்கேல்லை, சொல்லிப்போடுறன். வாங்கேக்க கூரையில பாதி இல்லை. குசினிக்குள்ள ஒரு மரம் முளைச்சு நிண்டது. இவர் மார்கழி தை எண்டு பாராமல் தொப்பியும் இல்லாமல் கூரையில ஏறி நிப்பார். ஒரு பாட்டு முணுமுணுப்பார், எந்தப் பாட்டெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை, ராகம் மட்டும் வரும். நான் கீழ நிண்டு ஓடு எடுத்துக் குடுப்பன். பக்கத்து வீட்டு மனுசி ஒடெட், இப்ப எண்பத்தெட்டு வயசு, வேலியடியில நிண்டு பார்த்துக்கொண்டிருப்பா. சீமெந்து குழைக்கிறதைக் கண்டால் ஓடி வருவா. இந்தக் கல்லுக்குச் சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்கே நிண்டு சுவரைத் திண்டுபோடும், சுண்ணாம்புதான் பூசவேணும் எண்டு கத்துவா. இவர் இரவு வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படிச்சவர், அவவோட நல்லாக் கதைப்பார். எனக்கு வணக்கமும் நன்றியும்தான் வரும். மிச்சம் இவர் மாத்திச் சொன்னால் உண்டு.

நாலு வருசத்தில வீடு வீடா வந்திட்டுது. மேல குளியலறை மட்டும் இல்லை. மகள் ஆரணி பிள்ளையளோட வந்து நிண்டா எல்லாரும் கீழ இறங்கி வரவேணும். நான்தான் ஒரு நாள் இவரைக் கேட்டன், மேல ஒண்டு போட இடம் பாருங்கோ எண்டு. இவர் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். அளந்திட்டு நிண்டார். பேந்தும் அளந்தார்.

"மலர், இஞ்ச வாரும். வெளியால நாப்பத்திரண்டு அடி. உள்ளுக்க முப்பத்திமூண்டு. கல்லுச்சுவர் ரண்டும் ரண்டு ரண்டு அடி. மிச்சம் அஞ்சு அடி எங்க?"

பார்த்தனீங்கள்தானே, குசினி மூலையில பழைய பாண் போறணை ஒண்டு, கல்லில கட்டின பெரிய அடுப்பு. ஊரே அதிலதானாம் முந்திப் பாண் சுட்டது. அந்தப் போறணைக்கு மேல, புகைக்கூட்டுக்குப் பின்னால, அந்த அஞ்சு அடி கிடக்கு. கல்லு வைச்சு மூடிப் பூசியிருக்கு.

"அப்ப உடையுங்கோ. குளியலறைக்குக் காணும்" எண்டன்.

"விடும். மூடின ஆக்கள் ஏதோ காரணத்துக்குத்தான் மூடியிருப்பினம்."

நான் விடேல்லை. பேரப்பிள்ளையளுக்காகத்தானே சொன்னனான். ஒரு கிழமை சாப்பாட்டு மேசையில அதே கதை. கடைசியில ஒரு வைகாசி மாசம், வியாழக்கிழமை, அலவாங்கை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால வாளியோட. பத்துப் பன்ரண்டு கல்லு கழண்ட உடன உள்ளுக்கயிருந்து ஒரு சூடான மணம் வந்துது. அழுகல் மணமில்லை. பழைய சாக்கு, பழைய மாவு, மனிச வேர்வை, அப்பிடி ஒண்டு. இவர் டோச்சைப் பிடிச்சு இடுப்பு மட்டும் உள்ளுக்க போனார். கனநேரம். பேந்து வெளியால வந்து, என்னைத் தாண்டி, கீழ போய்க் கைகழுவினார். நானும் இறங்கிப் போய்க் கேட்டன், என்ன கிடக்கு எண்டு.

"ஆரோ இருந்திருக்கினம்" எண்டார்.

நான் ஏறிப் பார்த்தன். நாலரை அடி உயரம். நிமிர ஏலாது. வைக்கோல் நிரப்பின ஒரு சாக்கு, தகரக் கோப்பை ஒண்டு, போத்தல் ஒண்டு. குறுக்கு மரத்தில தையல் ஊசியள், கறள் பிடிச்சு, வரிசையாக் குத்திக் கிடந்தது. சுவரில ஒரு இடம் மட்டும் கறுத்து, மினுங்கிக்கொண்டு இருந்தது. நான் முதல் எண்ணெய் எண்டு நினைச்சன். பேந்துதான் விளங்கிச்சுது. ஒரு ஆள் கனகாலம் முதுகும் தலையும் சாய்ச்சு இருந்த இடம். தலை உயரம் எவ்வளவு, தோள் அகலம் எவ்வளவு எண்டு சொல்லலாம். நான் கையை வைச்சுப் பார்த்தன். வைச்சிருக்கக்கூடாது.

அண்டையோட இவரின்ர அந்த முணுமுணுப்புப் பாட்டு நிண்டுபோச்சுது. நான் கொஞ்சநாள் கழிச்சுத்தான் கவனிச்சனான்.

இனி ஊர்க்கதை ஒண்டு சொல்லவேணும், அது இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. இவருக்கு ஒரு தம்பி இருந்தவர். பகீரதன். பகீ எண்டுதான் கூப்பிடுறது. எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு ஒரு வருசம், அவனுக்குப் பத்தொன்பது வயசு. நல்லாப் படிச்சவன், கம்பசுக்கு எடுபட்டவன். எண்பத்தெட்டாம் ஆண்டு. அவனோட படிச்ச ஒரு பெடியனைத் தேடி வந்தவங்கள், அவன் கிடைக்கேல்லை எண்ட உடன இவனைத் தேடத் தொடங்கினவங்கள். ஆர் வந்தது எண்டு கேக்காதேங்கோ. அந்தக் காலம் கனபேரிட்டத் துவக்கும் குண்டும் இருந்தது, நான் ஒருத்தரையும் சொல்லமாட்டன். குசினிக்கு மேல பரண் இருந்தது, தேங்காயும் விறகும் போடுறது. அதுக்குள்ள பகீயை இருத்தினம். பதினொரு நாள். அவனுக்குத் தொய்வு. தூசிக்கும் புகைக்கும் இருமல் வரும். அதால நான் விறகு மூட்டுறேல்லை, மண்ணெண்ணெய் அடுப்பிலதான் சமையல். அவன் இருமினால் நான் கீழ உரலைப் போட்டு இடிப்பன், ஒண்டும் இல்லாத உரலை. பேந்து மேலயிருந்து, "அண்ணி, மா காணும்" எண்டு சிரிப்பான். அவ்வளவு பயத்துக்குள்ளயும் பகிடி.

பன்ரண்டாம் நாள் காலமை அவன்ர தொய்வு மருந்துக் குளிசை முடிஞ்சுது. இவர் குளிசை வாங்கப் பெருந்தெருவுக்குப் போனார். அந்த நேரம் மூண்டு பேர் வந்தாங்கள். அவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பேந்து ஒரு செய்தியும் இல்லை. முப்பத்தாறு வருசம். அவ்வளவுதான்.

தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ.

சரி. அறையைத் திறந்து ரண்டு கிழமையில ஒடெட்டைக் கூட்டிக்கொண்டுவந்து காட்டினம். மனுசியால ஏற ஏலாது, இந்தக் கதிரையிலதான் இருந்தவ. இவர் ஊசியளைக் கொண்டுவந்து காட்டின உடன ரண்டு கையாலயும் வாயைப் பொத்தினா. பேந்து கதைக்கத் தொடங்கினா, இவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தார். ஜேர்மன்காரன் பிடிச்சிருந்த காலமாம். ஒரு தையல்காரன், யூதப் பெடியன், ஏழு மாசம் அதுக்குள்ள இருந்தவனாம். இந்த வீட்டுக்காரர் ராவில பாண் சுடுற சாட்டில அவனுக்குச் சூடு குடுத்தவையாம். அவன் சும்மா இருக்க ஏலாமல் ஊருக்கே இருட்டுக்குள்ள உடுப்புத் தைச்சுக் குடுத்தவன். ஒடெட்டுக்கு அப்ப எட்டு வயசு. அவன் அங்க இருக்கிறது தெரியுமாம்.

"ஒரு நாள் அவங்கள் வந்திருக்கிறாங்கள். பெரியவை எல்லாரையும் முற்றத்தில நிப்பாட்டிப்போட்டு, இவவைத் தனிய வைச்சுக் கேட்டிருக்கிறாங்கள், எங்க எண்டு" எண்டு இவர் சொன்னார். பேந்து ஒடெட்டின்ர வாயைப் பார்த்துக்கொண்டிருந்து அடுத்ததைச் சொன்னார். "இவ தன்ர மரச்சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிண்டவவாம். தாய் சொல்லிக் குடுத்ததாம், ஆர் கேட்டாலும் சப்பாத்தைப் பார், வேற ஒண்டையும் பாராதை எண்டு."

அந்தப் பெடியன் தப்பிட்டானாம். பேந்து பெரிய தையல்கடை வைச்சு, ஒடெட்டின்ர கலியாணச் சட்டையைத் தானே தைச்சுக் கொண்டுவந்து குடுத்தவனாம். மனுசி சொல்லிச் சிரிக்கிறா, கண்ணீரும் ஓடுது. நான் எழும்பிப் போய்க் கோப்பி போட்டன். ஒருத்தரும் கோப்பி கேக்கேல்லை.

அதுக்குப் பிறகு குளியலறைக் கதையை ஒருத்தரும் எடுக்கேல்லை. இவர் மத்தியானம் சாப்பிட்டிட்டு ஏறிப் போய் அந்த அறைக்குள்ள இருப்பார். ஒரு மணித்தியாலம், ரண்டு மணித்தியாலம். அந்தக் கறுப்பில சாயமாட்டார், அதுக்குப் பக்கத்தில. நான் கீழ கோப்பை கழுவுவன். அப்பதான் அந்த இருமல்.

முதல் நாள் இவர்தான் எண்டு நினைச்சன். இறங்கி வந்தவரிட்ட, தடிமனோ எண்டு கேட்டன். அவர் என்னைப் பார்த்து, "நீர் இருமினது எண்டெல்லோ நான் நினைச்சன்" எண்டார். ரண்டு பேரும் அதைப் பற்றிப் பேந்து கதைக்கேல்லை. வறண்ட இருமல், ரண்டு மூண்டு தரம், பேந்து ஆரோ வாயைப் பொத்தின மாதிரி நிண்டுபோகும். ஒடெட் சொன்னா, மரநாய், இந்தப் பக்கத்துக் கூரையளுக்குள்ள அது கூடு கட்டும், அப்பிடித்தான் சத்தம் போடும் எண்டு. பொறி வைச்சம், அதுக்குள்ள முட்டை வைச்சம், ஒண்டும் அகப்படேல்லை. உங்களுக்கு இப்ப கேட்டதோ? இல்லையோ. சரி, சரி. காத்தாயிருக்கும்.

போன வருசம் தை மாசம் இவர் அதுக்குள்ள இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு முழங்கால் ஏலாது, தவண்டுதான் போனன். இருட்டுக்குள்ள, என்னைப் பாராமல், அந்த நாள் கதையைச் சொன்னார். கலியாணம் முடிச்சு முப்பத்தாறு வருசம், முதல் தரம் சொல்லுறார். குளிசை வாங்கிக்கொண்டு வரேக்கச் சந்தியில மறிச்சவங்களாம். பையைக் கொட்டிப்போட்டு, இது ஆருக்கு எண்டு கேட்டவங்களாம். எனக்கு எண்டு சொல்லியிருக்கிறார். தொய்வுக்காரனோ நீ, அப்ப ஓடிக் காட்டு எண்டு சந்தியைச் சுத்தி ஓடவிட்டவங்களாம்.

"நான் ஓடினன், மலர். எனக்கு இளைக்கேல்லை. இளைக்கிற மாதிரி நடிக்கவேணும் எண்டு அந்த நேரம் மண்டையில வரேல்லை. நான் நல்லா ஓடினன். அவங்கள் சிரிச்சாங்கள். ஒரு மணித்தியாலம் மரத்தடியில இருத்தி வைச்சிட்டுத்தான் விட்டவங்கள். வீட்ட வர இவன் இல்லை. நான்தான் காட்டிக் குடுத்தது. என்ர கால்தான்."

அப்பிடியில்லை, உங்களில பிழையில்லை எண்டன். எத்தினை தரம் சொன்னன். வேற என்ன சொல்லுறது. அவருக்கு ஆறுதல்தானே சொன்னனான்.

நீங்கள் ஏன் அப்பிடிப் பார்க்கிறீங்கள்.

சரி. முந்திச் சொன்னதில நான் ஒண்டு விட்டிட்டன். அந்த மூண்டு பேரில ரண்டு பேர் படலையடியில நிண்டாங்கள். ஒருத்தன்தான் குசினி வாசலுக்கு வந்தவன். சின்னப் பெடியன், பகீயின்ர வயசுதான், மீசை அரும்பின முகம். "அக்கா, தண்ணி தாங்கோ" எண்டவன். மரியாதையாத்தான் கேட்டவன். செம்பில வார்த்துக் குடுத்தன். குடிச்சுக்கொண்டே, வீட்டில வேற ஆர் எண்டு கேட்டான். ஒருத்தருமில்லை எண்டன். குரல் நடுங்கேல்லை. நான் அவ்வளவு வடிவாச் சொன்னனான்.

ஆனா மேலயிருந்து இருமல் வரேல்லை. காலமையிலயிருந்து அவனுக்கு இழுப்பு, நிப்பாட்டாமல் இருமிக்கொண்டு இருந்தவன், இவங்கள் வந்த உடன ஒரு சத்தமில்லை. அடக்கிக்கொண்டு இருக்கிறான் எண்டு தெரியும். நேரம் போகுது. மூச்சுச் சத்தமும் இல்லை. பகீ செத்துப்போனானோ எண்டு நினைச்சிட்டன். நான் மேல பார்த்தன். வேணுமெண்டு பார்க்கேல்லை தம்பி. கண் தன்ர பாட்டில போச்சுது.

அவன் தண்ணியைக் குடிச்சு முடிச்சான். நான் பார்த்த இடத்தைத் தானும் ஒருக்காப் பார்த்தான். செம்பைச் சத்தமில்லாமல் கீழ வைச்சான். பேந்து மற்ற ரண்டு பேரையும் கூப்பிட்டான்.

இதை நான் ஒருத்தருக்கும் சொன்னேல்லை. என்ர தாய்க்குச் சொல்லேல்லை. பகீயின்ர தாய், என்ர மாமி, சாகும் வரைக்கும் என்ர கையாலதான் கஞ்சி குடிச்சவ, அவவுக்குச் சொல்லேல்லை. இவர் ஒரு நாளும் கேக்கேல்லை, அதால நானும் சொல்லேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் எண்டுதான் நினைக்கிறன். அறைக்குள்ள அவர் ஓடின கதையைச் சொன்ன அண்டைக்குச் சொல்லியிருக்கலாம் எண்டு நீங்கள் நினைப்பீங்கள். சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனா அவர் அவ்வளவு அழுதிட்டு அப்பதான் கொஞ்சம் அமைதியா இருந்தார். அந்த நேரம் இதையும் ஏன் எண்டு விட்டிட்டன். அப்பிடியே மாசி, பங்குனி, சித்திரை எண்டு போட்டுது. அவர் ஒவ்வொரு நாளும் ஏறிப் போவார். நான் கீழ நிண்டு கோப்பை கழுவுவன்.

ஐப்பசி இருபத்திரண்டு, பகீயைக் கொண்டுபோன நாள். செத்த நாள் எண்டு ஒண்டு எங்களுக்கு இல்லை, இதைத்தான் நினைச்சுக்கொள்ளுறது. போன ஐப்பசி இவர் பகீயின்ர அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சு, சட்டம் போட்டு, அந்தக் குறுக்கு மரத்தில வைச்சார். மெழுகுதிரி கொளுத்தினார். மத்தியானம் பன்ரண்டு மணி, வெளியில நல்ல வெயில், உள்ளுக்க அந்தத் திரிதான் வெளிச்சம். ரண்டு பேரும் தவண்டு போய் இருந்தம். அறுபத்தாறு வயசு மனுசன், பலகையில முகத்தை வைச்சு, "தம்பி, அண்ணன் ஓடியிருக்கக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளடா" எண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறார். பேந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மலர், நீரும் ஒரு சொல்லுச் சொல்லும். அவன் கடைசியாச் சாப்பிட்டது உம்மட கையாலதான்."

படத்தில பகீ சிரிக்கேல்லை. அடையாள அட்டைப் படம்தானே. நேர பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

நான் சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான், தண்ணி கேட்டது, இருமல் கேக்காதது, நான் பார்த்தது. ஒண்டும் விடேல்லை.

இவர் கத்தேல்லை. அடிக்கேல்லை. ஒரு நாளும் கைநீட்டாத மனுசன். மெல்லிசாக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் பார்த்தனீர்?"

"கண் வெட்டுற நேரம்."

"அப்ப அவன் கண்டிருக்கமாட்டான்."

"கண்டவன். நான் பார்த்த இடத்தை அவனும் பார்த்தவன்."

பேந்து கேட்டார், "நான் தை மாசம் சொல்லேக்க உமக்கு இது ஞாபகம் வரேல்லையோ?"

வந்தது எண்டன். பொய் சொல்லேல்லை.

விரலால திரியை அணைச்சுப்போட்டு வெளியால தவண்டு போனார். எனக்கு அதுக்குள்ளயிருந்து தனிய எழும்ப ஏலாது, முழங்கால் விடாது. எப்பவும் அவர்தான் முன்னுக்குப் போய்க் கையைத் தருவார். அண்டைக்கு மறந்திட்டார் போல. நான் சுவரில சாஞ்சு கனநேரம் இருந்தன். சாஞ்சது அந்தக் கறுப்பு இடத்தில எண்டு இறங்கி வந்த பிறகுதான் தெரியும், சட்டையில கரி.

அதுக்குப் பிறகும் அவர் கோபமா இருக்கேல்லை. சும்மா சொல்லக்கூடாது. சாப்பிட்டனீரோ எண்டு கேப்பார். மருந்து எடுத்தனீரோ எண்டு கேப்பார். மூண்டு கிழமை விடியத் தொடங்கி இருட்டு மட்டும் வேலை. மிச்சம் இருந்த யன்னல் எல்லாத்துக்கும் வண்ணம் பூசினார். கதவுப் பிணைச்சல் எல்லாத்துக்கும் எண்ணெய் விட்டார். கீழ குளியலறையில எனக்குப் பிடிக்கக் கம்பி ஒண்டு பூட்டினார். ஆறு வருசமா முடியாத வீடு மூண்டு கிழமையில முடிஞ்சுது. பேந்து கண் ஒப்பரேசனுக்கு லண்டன் போகவேணும் எண்டு வெளிக்கிட்டார். ரண்டு சூட்கேஸ். டூல்ஸ் பெட்டியும். கண் ஒப்பரேசனுக்கு டூல்ஸ் பெட்டி ஏன் எண்டு கேட்டன். ஆரணி வீட்டில ஏதோ கதவு ஒண்டு திருத்தவேணுமாம். பகீயின்ர படத்தையும் கொண்டுபோட்டார், வைக்க அங்க நல்ல இடம் இருக்கெண்டு.

அது கார்த்திகை. இப்ப மாசி. கண் ஒப்பரேசன் தையிலயே முடிஞ்சுது. ஆரணியிட்டக் கேட்டால், "அம்மா, அப்பாவை இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ" எண்டு போனை வைக்கிறாள். கண்ணுக்கு ஓய்வு வேணும்தானே.

இவர் ஞாயிற்றுக்கிழமையளில போன் எடுப்பார். போன கிழமை எடுத்துத்தான் நீங்கள் வாறீங்கள் எண்டு சொன்னவர், வீட்டைக் காட்டும் எண்டவர். எப்ப வாறீங்கள் எண்டு நான் கேட்டன். மற்றப் பக்கம் கனநேரம் சத்தமில்லை. நான் காதோட ஒட்டி வைச்சுக் கேட்டுக்கொண்டு நிண்டன், மூச்சுக் கேக்குதோ எண்டு. பேந்து சொன்னார்.

"மலர், முப்பத்தாறு வருசம் பகீயை நினைச்சால் நான் ஓடினதுதான் வரும். சந்தியும் மரமும் என்ர காலும். அவன் வாறேல்லை. இப்பதான் அவன்ர முகம் வருது. சின்ன வயசில சைக்கிளில முன்னுக்கு இருத்திக்கொண்டு போனது எல்லாம் வருது. அவனோட நான் கொஞ்சநாள் தனிய இருக்கவேணும். என்னை விடும்."

பார்த்தீங்களே. மனுசன் தேறிக்கொண்டு வாறார். நான் சொன்னதாலதான் தேறினவர், நல்லதுதானே நடந்திருக்கு. தம்பி நினைவில கொஞ்சநாள் இருப்பார், பேந்து வருவார். எங்க போறது, நாப்பது வருசத்துக்குக் கிட்டச் சேர்ந்து இருந்த ஆக்கள். ஒடெட்டும் வேலியடியில நிண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா, எங்க மிஸ்ஸியே, உங்கட ஐயா எங்க எண்டு. லோந்ர், லோந்ர், லண்டனில எண்டு சொல்லுவன். மனுசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. ஏன் அப்பிடிப் பிடிக்கிறா எண்டு தெரியேல்லை.

வாங்கோ, அறையைக் காட்டுறன். நான் இப்ப அதுக்குள்ளதான் படுக்கிறது, பார்த்திட்டு ஒண்டும் நினைக்காதேங்கோ. ஒராளுக்கு அந்த மூண்டு பெரிய அறையையும் சூடாக்கிறது வீண். எழும்பேக்கப் பிடிச்சு எழும்ப ஒரு கயிறு கட்டியிருக்கிறன். அதுக்குள்ள இருந்தால் எனக்கு அந்த இருமல் கேக்கிறேல்லை, வெளியில நிண்டால்தான் கேக்கும்.

ஒரு உதவி செய்வீங்களே தம்பி. வீடு நல்ல வீடு, உங்களுக்குப் பிடிச்சிருக்கு எண்டு முகத்தில தெரியுது. பொய் சொல்லச் சொல்லேல்லை. இவரிட்ட, வீடு பிடிச்சிருக்கு, ஆனா யோசிச்சுத்தான் சொல்லுவம் எண்டு சொல்லுங்கோ. என்ர மனுசியிட்டக் கேக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. சித்திரை வரைக்கும் யோசியுங்கோ, அதுக்கு மேல நான் கேக்கமாட்டன். சித்திரையில இஞ்ச குளிர் விட்டிடும். அவருக்கு இந்தக் குளிர்தான் ஒத்துவாறேல்லை.